இரண்டு நிறம் சந்திக்கும் இடம்: அரூப ஓவியரின் தூரிகை, வகுப்பு, ஆய்வேடு

நுண்கலைக் கல்லூரியில் வேலைக்குச் சேரும் அரூப ஓவியர்கள் (உருவங்கள் இல்லாமல் நிறமும் கோடுமாக வரைபவர்கள்) பலர் ஐந்தாறு வருடத்தில் வரைவதை விட்டுவிடுகிறார்கள். காலையில் வகுப்பு, மாலையில் ஆய்வேடு, ஓவியத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று ஆகிவிடுகிறது. நேரம் போதவில்லை என்பார்கள். நேரத்தை விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. வகுப்பில் ஒரு விஷயம், ஆய்வேட்டில் அதற்குச் சம்பந்தமில்லாத இன்னொன்று, கேன்வாஸில் மூன்றாவது என்று மூன்று தலைப்புகளைச் சுமக்கிறார்கள். ஒரே கேள்வியை மூன்று இடத்திலும் கேட்டால் ஒன்றின் உழைப்பு மற்றதற்கு உரமாகும். அந்தக் கேள்வி சின்னதாக, கையால் தொட்டுப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். 'மனித வாழ்வின் வெறுமை' என்று எடுத்துக்கொண்டால் எந்தப் பலகையிலும் சோதித்துப் பார்க்க முடியாது. 'இரண்டு நிறம் சந்திக்கும் விளிம்பில் என்ன நடக்கிறது' என்றால் நாளைக் காலையே தொடங்கிவிடலாம்.

இந்தப் பதிவு முழுக்க அந்த விளிம்பைப் பற்றித்தான். ஆத்தங்குடித் தரைக்கல்லும் சுண்ணாம்புச் சுவரும் பக்கத்திலேயே இருக்கும் செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதைவிட வசதியான கேள்வி கிடைக்காது.

ஒரே கேள்வியோடு இப்படி வாழ்ந்து காட்டியவர் ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸ். ஜெர்மனியின் பௌஹாஸ் பள்ளியிலும், பிறகு அமெரிக்காவில் பிளாக் மவுண்டன் கல்லூரியிலும், யேல் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். சதுரத்துக்குள் சதுரமாக வரைந்த வரிசையை 1950-ல் தொடங்கி, 1976-ல் இறக்கும்வரை தொடர்ந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பலகைகள். எல்லாவற்றுக்கும் நான்கே நான்கு அமைப்புகள். மேசனைட் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில், குழாயிலிருந்து பிதுக்கிய நிறத்தைக் கலக்காமல் கத்தியால் பரப்பினார். எந்தக் கம்பெனியின் எந்த நிறம் என்று பலகையின் பின்புறம் எழுதிவைத்தார். 1963-ல் யேல் வெளியிட்ட அவருடைய நிறப் பாடநூல், வகுப்பில் மாணவர்கள் வெட்டி ஒட்டிய காகிதங்களிலிருந்து பிறந்தது. ஓவியம், பாடம், ஆய்வு மூன்றுக்கும் அவரிடம் இருந்தது ஒரே மேசை.

நம் நாட்டில் ஓவியர் நஸ்ரின் முகமதி. 1972 முதல் 1990-ல் மறையும்வரை பரோடா நுண்கலைப் புலத்தில் கற்பித்தார். அவர் எடுத்துக்கொண்டது கோடு ஒன்றைத்தான். சென்னையில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் அரசு கலைக் கல்லூரி முதல்வராக இருந்துகொண்டேதான் 1963-ல் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத் தொடங்கினார். 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக முன்னின்றார். நிர்வாகப் பொறுப்பு இருந்தால் வரைய முடியாது என்று சொல்பவர்கள் அந்த வருடங்களைக் கொஞ்சம் பார்க்கலாம். செட்டிநாட்டுக்காரரான ஆர்.எம். பழனியப்பன் 1957-ல் தேவகோட்டையில் பிறந்தவர். அச்சோவியத்தைத் தன் வழியாக எடுத்துக்கொண்டு, 1991-ல் அமெரிக்காவின் டாமரிண்ட் நிலையத்தில் கல்லச்சு கற்றார். கல்லச்சும் ஒரு விளிம்புக் கலைதான். கல்லின் மேல் கொழுப்பு நிற்கும் இடமும் தண்ணீர் நிற்கும் இடமும் ஒன்றையொன்று தள்ளிவிடுவதால்தான் அதில் உருவமே விழுகிறது.

இனி ஆத்தங்குடிக்குப் போகலாம். அங்கே கையால் செய்யும் பூப்போட்ட தரைக்கல்தான் பூக்கல். பூக்கல் பட்டறையில் ஓவியர் பார்க்க வேண்டியது பூவை அல்ல, அச்சுத் தகட்டை. கண்ணாடித் துண்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் தடுப்புகள் கொண்ட உலோக அச்சை இறக்குகிறார்கள். வெள்ளை சிமெண்டும் ஆக்சைடு நிறப்பொடியும் நைசான மணலும் சேர்ந்த நிறக்குழம்பைத் தோசை மாவுப் பதத்தில் ஒவ்வொரு அறையிலும் ஊற்றுகிறார்கள். பிறகு அச்சை நேராக மேலே தூக்குகிறார்கள். தகடு நின்ற மெல்லிய இடைவெளி மூடிக்கொள்கிறது. சிவப்பும் மஞ்சளும் அங்கே முதன்முதலாகத் தொட்டுக்கொள்கின்றன. அதன் மேல் காய்ந்த சிமெண்ட்-மணல் கலவையைத் தூவுகிறார்கள். அது நிறக்குழம்பில் மிச்சமிருக்கும் தண்ணீரை உறிஞ்சி, நிறங்கள் ஓடாமல் பிடித்துவைக்கும். அதற்கும் மேலே ஈரச் சாந்து போட்டுச் சமன் செய்கிறார்கள். இறுகியதும் சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். சூளை கிடையாது, மெருகுப் பூச்சும் கிடையாது. முகத்தில் தெரியும் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது.

ஓவியர் குறித்துக்கொள்ள வேண்டியது இரண்டு. முதலில் ஊற்றியதே மேலே வருகிறது. கேன்வாஸில் கடைசிப் பூச்சு கண்ணுக்குத் தெரியும். இங்கே முதல் பூச்சு தெரியும், திருத்தவே வழியில்லை. அடுத்தது விளிம்பு. கைலென்ஸ் வைத்துப் பாருங்கள். தூரத்தில் கத்தியால் வெட்டியதுபோல் தெரியும் கோடு, கிட்டத்தில் மெல்ல அலைகிறது. ஓரிடத்தில் கருப்பு சிவப்புக்குள் முடியளவு நுழைந்திருக்கும், அடுத்த இடத்தில் சிவப்பு திருப்பித் தள்ளியிருக்கும். ஒரே அச்சில் செய்த இரண்டு கல்லை அருகருகே வைத்தால் அந்த அலை ஒன்றுபோல் இருக்காது. யந்திரத்தில் அச்சடித்த போலி டைல்ஸில் இது இல்லை. பழைய வீட்டுத் தரை கண்ணுக்கு இதமாக இருப்பதற்கு இந்த அலையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

தப்பும் விளிம்பில்தான் முதலில் தெரியும். குழம்பில் தண்ணீர் கூடினால் அச்சுக்கு அடியால் ஒரு நிறம் மறுபக்கம் கசியும். கெட்டியானால் அச்சைத் தூக்கிய பிறகும் இடைவெளி மூடாது. ஊசித் துளைகளும் விழும். அச்சைச் சாய்த்துத் தூக்கினால் ஒரு பக்கத்து நிறம் இழுபடும். கண்ணாடியைச் சரியாகத் துடைக்காவிட்டால் அந்தக் கறை அப்படியே முகத்தில் பதியும். ஊறும் நாள் குறைந்தால் கல் பலவீனமாகி ஓரம் உதிரும். சில கற்களில் பிறகு வெள்ளை பூக்கும். சிமெண்டில் கரையும் சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து, காற்றுபட்டுப் படிவதால் வருவது அது. சிவப்பு, கருப்பு நிறங்களில் அது பளிச்சென்று தெரியும்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு வந்து பூக்கல் வடிவத்தைக் கேன்வாஸில் பெரிதாக வரைந்தால் அது அரூப ஓவியமாகாது. அலங்காரமாகும். 'செட்டிநாட்டு அரூபம்' என்று கண்காட்சிகளுக்கு வரும் படங்களில் நிறைய இப்படித்தான் இருக்கின்றன. எடுத்துக்கொள்ள வேண்டியது வடிவத்தை விட்டுவிட்டு, விளிம்பு உருவாகும் முறையை.

அக்ரிலிக்கில் நான்கு வகை விளிம்பைத் தனித்தனியாகப் பழகலாம். டேப் ஒட்டி எடுப்பது ஒன்று. டேப்பை ஒட்டி நகத்தால் தேய்த்த பிறகு, அடியில் இருக்கும் அதே நிறத்தை டேப்பின் ஓரத்தில் மெல்லியதாக ஒருமுறை பூசிக் காயவிட வேண்டும். கசிவதென்றால் அந்த நிறமே கசிந்து இடுக்கை அடைத்துவிடும். மேலே போடும் புது நிறம் உள்ளே போகாது. புது நிறம் முழுக்கக் காய்வதற்குள் டேப்பைப் பின்னோக்கி மடக்கி மெதுவாக இழுக்க வேண்டும். காய விட்டால் நிறத்தோல் டேப்போடு கிழிந்து வரும். காரைக்குடி சித்திரை வெயிலில் அக்ரிலிக் சில நிமிஷத்தில் தோல் கட்டிவிடும் என்பதால் ஒரே சமயத்தில் நீளமான டேப் ஒட்டிவிட்டு இழுக்கக் காத்திருக்கக் கூடாது.

இரண்டாவது, டேப் இல்லாமல் தட்டைத் தூரிகையால் கையோடு இழுக்கும் விளிம்பு. இதில் கையின் நடுக்கம் தெரியும், தெரியட்டும். மூன்றாவது, இரண்டு நிறமும் ஈரமாக இருக்கும்போது சந்திக்க விடுவது. நம் ஊர் வெயிலுக்கு ரிடார்டர் (நிறம் காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) சேர்க்காமல் இது நடக்காது. பாட்டிலில் போட்டிருக்கும் அளவைத் தாண்டிச் சேர்த்தால் நிறம் காயாமல் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். நான்காவது, தொடவிடாமல் நடுவில் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் அடித்தளத்தை விட்டுவைப்பது. ஆத்தங்குடி அச்சைத் தூக்குவதற்கு முந்தைய நொடி இதுதான். ஒரே இரண்டு நிறங்களை வைத்து, 30 சென்டிமீட்டர் சதுரப் பலகை நான்கில் நான்கு விளிம்பையும் செய்து அருகருகே மாட்டிப் பாருங்கள். நான்கும் நான்கு வேறு நிறச் சேர்க்கைபோலத் தெரியும். ஒரு தொடருக்கு இதுவே போதுமான ஆரம்பம்.

சுண்ணாம்புச் சுவர் ஐந்தாவது வகை விளிம்பைத் தருகிறது. அதில் கொஞ்சம் நிற்க வேண்டும். செட்டிநாட்டுச் சுவர்ப் பூச்சை எல்லாரும் முட்டை வெள்ளைக்கருவை வைத்தே பேசுகிறார்கள். வெள்ளைக்கருவும் கடுக்காயும் துணைச் சரக்குகள். உண்மையான வேலை நடப்பது நீற்றிய சுண்ணாம்பில். அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சி மறுபடி கல்லாகிறது. கல்லாகும்போது தன் மேல் இருக்கும் நிறத்துகளையும் பிடித்துக்கொள்கிறது. பசையே தேவையில்லை.

ஸ்டூடியோவில் செய்து பார்க்க மெருகில்லாத சுட்ட மண் ஓடு, அல்லது சொரசொரப்பாக்கிய சிமெண்ட் பலகை போதும். முதலில் அதைத் தண்ணீரில் நன்றாக ஊறவையுங்கள். ஊறாத ஓடு சாந்தின் ஈரத்தை இழுத்துவிடும், பூச்சு பொருக்காக எழும். அடிப்பூச்சுக்கு ஒரு பங்கு நீற்றுச் சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு கூர்மணல், 6 முதல் 8 மில்லிமீட்டர் கனம். மேல்பூச்சுக்கு ஒரு பங்குக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு நைஸ் மணல், 3 மில்லிமீட்டர். பெருவிரலை வைத்தால் தடம் பதியாமலும், தூரிகைத் தண்ணீரை உறிஞ்சும்படியும் இருக்கும்போது நிறம் போட வேண்டும். அதற்கு முன்னால் போட்டால் தூரிகை சாந்தைக் கிளறிவிடும். பின்னால் போட்டால் நிறம் பிடிக்காமல் காய்ந்த பிறகு விரலில் பொடியாக ஒட்டும். வெயில் காலத்தில் பலகையை நிழலில் வைத்து, சுற்றிலும் ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள். சீக்கிரம் காய்வதால்தான் மயிர்விரிசல் விழுகிறது. மேல்பூச்சில் சுண்ணாம்பு அதிகமானாலும் விழும்.

நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில் பலர் ஏமாறுகிறார்கள். நீற்றுச் சுண்ணாம்பின் காரத்தன்மை பி.எச். 12-க்கு மேல். அதைத் தாங்கும் நிறங்கள் மட்டுமே நிற்கும். காவிகள், சிவப்பு ஆக்சைடு (பி.ஆர். 101), மஞ்சள் ஆக்சைடு (பி.ஒய். 42), குரோமியம் ஆக்சைடு பச்சை (பி.ஜி. 17), கோபால்ட் நீலம் (பி.பி. 28), இரும்புக் கருப்பு (பி.பி.கே. 11) எல்லாம் நிற்கும். அடைப்புக்குள் இருப்பவை டியூபில் போட்டிருக்கும் நிறக்குறி எண்கள். பிரஷ்யன் நீலம் (பி.பி. 27) பழுப்பாகிவிடும். அலிசரின் சிவப்பு, குரோம் மஞ்சள் வேண்டாம். டியூபில் 'நீலம்' என்று மட்டும் போட்டிருந்தால் வாங்காதீர்கள். நிறக்குறி எண் இருக்க வேண்டும். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்ததும் நன்றாக வெளுக்கும் என்பதால், ஒவ்வொரு கலவையையும் முதலில் ஒரு துண்டு ஓட்டில் பூசிக் காயவைத்து, அந்தத் துண்டைப் பார்த்தே வேலை செய்ய வேண்டும். புதுச் சுண்ணாம்பின் மேல் எண்ணெய் வண்ணம் போடவே கூடாது. காரம் எண்ணெயைச் சோப்பாக்கிவிடும்.

இதில் விளிம்பு எங்கே வருகிறது? பெரிய பலகையாக இருந்தால் ஒரு நாளில் வரைய முடிந்த அளவுக்கே மேல்பூச்சு பூச முடியும். சாயங்காலம் மிச்சப் பூச்சைச் சாய்வாக வெட்டி எடுத்துவிட்டு, மறுநாள் அந்த ஓரத்தை நனைத்துப் புதுப் பூச்சை ஒட்ட வேண்டும். நேற்றும் இன்றும் சேரும் அந்தக் கோடு பக்கவாட்டு வெளிச்சத்தில் நிச்சயம் தெரியும். சுவரோவியர்கள் அதை உருவத்தின் ஓரத்தில் ஒளித்தார்கள். அரூப ஓவியர் ஒளிக்க வேண்டியதில்லை. இரண்டு நிறத்தின் எல்லையை அந்த நாள்-எல்லையிலேயே வைக்கலாம், வேண்டுமென்றே தள்ளியும் வைக்கலாம். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் சுண்ணாம்பைத் தொடாதீர்கள். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பட்ட உடனே நிறையத் தண்ணீர்விட்டுக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வகுப்புக்கு வருவோம். இதே கேள்வியை முதலாண்டு மாணவர்களிடம் கொண்டுபோக வண்ணம்கூட வேண்டாம், வண்ணக் காகிதம் போதும். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகங்களில் வெட்டி மிஞ்சும் தாள்கள் நூற்றுக்கணக்கான நிறத்தில் கிடைக்கும். ஒரே காவித் தாளிலிருந்து 3 சென்டிமீட்டர் சதுரம் இரண்டு வெட்டி, ஒன்றை அரக்குச் சிவப்பின் மேலும் இன்னொன்றை வெளிர்பச்சையின் மேலும் வைக்கச் சொல்லுங்கள். இரண்டும் வேறு நிறமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பெரும்பாலும் சதுரம் பெரிதாக இருக்கும், அல்லது கீழ்த்தாள் இரண்டும் ஒரே அளவு வெளிச்சம் கொண்டதாக இருக்கும். அடுத்த பயிற்சி கடினம். நிறம் வேறாகவும் வெளிச்ச அளவு ஒன்றாகவும் உள்ள இரண்டு தாளைத் தேடி ஓரத்தோடு ஓரம் ஒட்ட வேண்டும். சரியாகச் செய்தால் விளிம்பு கரைந்துவிடும், சில ஜோடிகளில் அதிரும். மாணவர்கள் செல்போனில் கருப்பு-வெள்ளைப் படம் எடுத்துச் சரிபார்ப்பார்கள். விடாதீர்கள். போன் தானாக வெளிச்சத்தையும் நிறத்தையும் மாற்றிவிடும். கண்ணைச் சுருக்கிப் பார்க்கப் பழகட்டும்.

மூன்றாவது பயிற்சியை வளவில்தான் (செட்டிநாட்டு வீட்டின் உள்முற்றப் பகுதியில்) நடத்த வேண்டும். பெரிய வீட்டுக்காரர்களிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, முற்றத்துத் தரையில் விழும் கூரை நிழலின் ஓரத்தைப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை காகிதத்தில் குறித்துவரச் சொல்லலாம் (தரையில் சாக்பீஸ் வேண்டாம், பழைய பூக்கல்லில் கறை பிடிக்கலாம்). இரண்டு விஷயம் பிடிபடும். நிழல் ஒரே வேகத்தில் நகராது. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்ந்தாலும், சாய்ந்திருக்கும் நேரத்தில் நிழல் நீளமாக ஓடும், உச்சியில் மெதுவாகும். இன்னொன்று, நிழலுக்குக் கோடே கிடையாது. சூரியன் வானத்தில் சுமார் அரைப் பாகை அகலம் கொண்டது என்பதால், ஓரத்திலிருந்து ஒளி வரும் தூரத்தில் சுமார் நூற்றில் ஒரு பங்கு அகலத்துக்கு நிழலோரம் மங்கும். கூரையோரத்திலிருந்து தரைக்கு ஒளி 4 மீட்டர் வந்தால், ஓரம் கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் மங்கல். தூணின் அடியில் நிழல் கூர்மை, மேல்பகுதியின் நிழலில் மங்கல். இதை அளந்து பார்த்த மாணவர் பிறகு விளிம்பை அலட்சியமாக வரையமாட்டார்.

இந்தப் பயிற்சிகளை மதிப்பிடும்போது 'அழகாக இருக்கிறதா' என்று கேட்க வேண்டாம். என்ன தேடினாய், எத்தனை ஜோடியைத் தள்ளினாய், ஏன் தள்ளினாய் என்று கேளுங்கள். தள்ளிய தாள்களையும் நோட்டில் ஒட்டிவரச் சொல்லுங்கள்.

அந்த நோட்டுதான் ஆய்வின் வித்தும். முனைவர் பட்டத்துக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதிப்படி குறைந்தது மூன்று ஆண்டு, கூடியது ஆறு ஆண்டு. விரிவுரையாளர் வேலைக்கு எழுதும் நெட் தேர்வில் காட்சிக்கலைக்குப் பாட எண் 79. 2024 ஜூன் முதல் அந்த மதிப்பெண்ணையே முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். சேர்ந்த நாளிலிருந்து ஸ்டூடியோ வேலையை ஆய்வுச் சான்றாகப் பதிவு செய்யாதவர்கள், மூன்றாம் வருடம் அரூப ஓவிய முன்னோடி கண்டின்ஸ்கியில் தொடங்கி உலக வரலாற்றை நூறு பக்கம் எழுதி நிரப்புகிறார்கள். தேர்வாளருக்கு அது தெரிந்த விஷயம். ஆத்தங்குடி விளிம்பு ஏன் அலைகிறது என்பது அவருக்குத் தெரியாத விஷயம்.

பதிவு எப்படி இருக்க வேண்டும்? ஒவ்வொரு பலகையின் பின்னாலும் தேதி, அடித்தளம், பூச்சுகளின் எண்ணிக்கை, நிறக்குறி எண், கலந்த அளவு, அன்றைய வெயிலோ மழையோ. படம் இரண்டு வகை எடுக்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் (நிறத்தைச் சரிபார்க்க உதவும்) சாம்பல் அட்டையும் அளவுகோலும் பக்கத்தில் வைத்து ஒன்று. பக்கத்திலிருந்து 10, 15 பாகையில் விளக்கைச் சாய்த்து இன்னொன்று. விளிம்பின் மேடுபள்ளம் இந்தப் படத்தில்தான் விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சணம் வரும். பலகைகளைச் சுவரோடு சாய்க்காமல், இடையில் காற்றோடும்படி கட்டைமேல் நிறுத்துங்கள். நிறத்தைச் சொல்லும்போது 'செங்கல் நிறம்' என்று நிறுத்தாமல், மன்செல் முறைப்படி நிறம், வெளிச்சம், செறிவு மூன்றையும் குறியுங்கள். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையின் கரைச் சிவப்பையும் பூக்கல் சிவப்பையும் ஒப்பிட வேறு வழியில்லை.

பட்டறையில் தகவல் சேகரிக்கப் போகும்போது அவர்களுடைய நேரம் கூலி நேரம் என்பது நினைவில் இருக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க நிற்பதானால் அந்த நாளுக்கான கூலியைக் கொடுத்துவிடுங்கள். படம் எடுக்கவும் பெயர் போடவும் தனித்தனியாக அனுமதி கேளுங்கள். சம்மதித்தால் 'ஒரு கைவினைஞர்' என்று எழுதாமல் ஆய்வேட்டில் பெயரோடு எழுதுங்கள். குழம்பின் பதத்தைப் பற்றி அவர் சொல்லும் ஒரு வாக்கியம் சான்றுதான். அதை அவர் பேச்சிலேயே பதிய வேண்டும்.

வாய்மொழித் தேர்வு நாளில் படக்காட்சியை மட்டும் நம்பாதீர்கள். திரை எல்லா விளிம்பையும் ஒரேமாதிரி ஆக்கிவிடும். நான்கு அக்ரிலிக் பலகை, இரண்டு சுண்ணாம்புப் பலகை, உடைந்த பூக்கல் ஒன்று, மாணவர் நோட்டு ஒன்று. இவற்றை ஜன்னல் பக்கம் நீள மேசையில் பரப்பி, கைலென்ஸையும் வைத்துவிடுங்கள். தேர்வாளர்கள் குனிந்து பார்க்கத் தொடங்கிய பிறகு பேச ஆரம்பிக்கலாம்.